மூன்று பூச்சியங்களும் ஐந்து மதிப்பெண்ணும்

தேவகோட்டைப் பள்ளியொன்றில் நடந்த விடைத்தாள் திருத்தும் முகாமில் அந்தக் கணக்கு டீச்சர் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனிவரை இறங்கிய கண்ணாடி. ஒவ்வொரு விடையையும் உதடு அசைய வாசித்த பிறகே சிவப்புப் பேனாவின் மூடியைத் திறப்பார்.

ஒரு முப்படிப் பல்லுறுப்புக்கோவையின் பூச்சியங்களை, அதாவது எந்த எண்களைப் போட்டால் அது சைபராகுமோ அவற்றைக் கேட்டிருந்தார்கள். ஒரு பிள்ளை நான்கு உறுப்புகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, பொதுக் காரணியை வெளியே எடுத்து, மூன்றே வரியில் விடையை எழுதியிருந்தது. டீச்சர் ஐந்து மதிப்பெண்ணும் போட்டார். மேற்பார்வையாளர் அதை அடித்துவிட்டார்.

"விடைக்குறிப்புல வகுத்துல்ல காட்டியிருக்கு. இதுக்கு மார்க் இல்ல டீச்சர்."

டீச்சர் எழுந்துவிட்டார். "பிள்ளை எழுதுன மூணு எண்ணையும் போட்டுப் பாத்தீகளா? மூணுக்கும் சைபர் வருது. கேட்டதைக் கண்டுபிடிச்ச பிள்ளைக்கு நீங்க சைபர் போடுவீகளா?"

"குறிப்பு அப்படித்தான்."

"அப்ப குறிப்பு தப்புன்னு நான் எழுதித் தாரேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுங்க."

எழுதியும் கொடுத்தார். மேலிடத்தில் கேட்டு, மாலையில் ஐந்து மதிப்பெண்ணையும் திரும்பப் போட்டார்கள். அப்போதும் அவர் கோபம் தணியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"உங்க கட்டுல இப்படி ஏதும் வந்துச்சா சார்?"

"இல்ல டீச்சர்" என்றேன்.

காலையில் இரண்டு வந்திருந்தன. விடைக்குறிப்பைப் பார்த்து இரண்டையும் அடித்து, விடைத்தாள் கட்டை ஒப்படைத்திருந்தேன். அவர் முகம் நினைவுக்கு வரும்போதெல்லாம் என் மீதே எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. அந்தப் பிள்ளைகள் யாரென்றுகூடத் தெரியாது.