கொழுந்தியாள் கேட்ட கேள்வி

என் மனைவி மறைந்த பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை. செய்தித்தாளைக்கூட நின்றுகொண்டுதான் வாசிக்கிறேன். வில்லாபுரத்து வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே காரணமின்றி நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், கொட்டாம்பட்டிக்கு அருகிலுள்ள கிராமத்திலிருந்து என் சகலை தொலைபேசியில் அழைத்தார். என் மனைவியின் ஒரே தங்கையை மணந்தவர். நிலக்கடலையும் மிளகாயும் பயிரிடுபவர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். அன்று மூச்சு வாங்கப் பேசினார்.

"அண்ணே, ஒங்க கொழுந்தியாளுக்கு மார்ல ஒரு கட்டி. ரொம்ப நாளா இருக்காம், நேத்துதேன் வாயத் தெறக்குறா. ஆஸ்பத்திரிக்கு வாடின்னா வரமாட்டேங்குறா. நீங்க வந்து சொன்னாத்தேன் கேப்பா."

"இதோ வாரேன்" என்றேன்.

மாட்டுத்தாவணியில் திருச்சிப் பேருந்தில் ஏறி, இடமிருந்தும் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். "பெரியவரே, இம்புட்டு சீட்டு காலியாக் கெடக்கு, ஒக்காருங்களேன்" என்றார் நடத்துநர். உட்கார்ந்தேன்; மேலூர் வருவதற்குள் மறுபடி எழுந்துவிட்டேன்.

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். ஆயத்தமின்றி எந்த வகுப்புக்கும் சென்றதில்லை. அன்றும் சொல்ல வேண்டியவற்றை மனத்துக்குள் ஒழுங்குசெய்துகொண்டேன். மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆயினும் சோதித்துப் பார்க்காமல் எவராலும் உறுதி சொல்ல இயலாது. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் குணப்படுத்த நல்ல வழி உண்டு. வாக்கியங்கள் பிழையற்றிருந்தன. ஆனால் ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரே மறுப்பு எழுந்து நின்றது. என் மனைவி தன் கட்டியைத் தானே கண்டு, மறுநாளே மருத்துவரிடம் சென்றவள். அறுவை, மருந்து, கதிர்வீச்சு என எதையும் தட்டாமல் ஏற்றவள். சில ஆண்டுகள் நலமாக இருந்தாள். பிறகு நோய் எலும்பில் தலைகாட்டியது. சென்ற ஆண்டு போய்விட்டாள். இதைத் தங்கை எடுத்துச் சொன்னால் என்னிடம் என்ன விடை இருக்கிறது?

கொழுந்தியாள் வீட்டு முற்றத்தில் மிளகாய் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மச்சான். பாடம் நடத்த வாத்தியாரையே வரவழைச்சுட்டாரா எங்க வீட்டுக்காரரு? வெயில்ல நின்னு நடத்துனா ஒங்களுக்குத்தேன் மயக்கம் வரும். உள்ள வாங்க."

சகலை தம் மோட்டார் சைக்கிளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி ஏதுமில்லை.

"ஏங்க, போதும் தொடச்சது, பெயிண்ட் உரிஞ்சுரப் போகுது. மச்சானுக்கு ஒரு கலர் சோடா வாங்கியாங்க" என்று அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, உள்ளே வந்து எனக்கு எதிரே தரையில் அமர்ந்தாள். கேட்காமலே சொன்னாள்:

"இது நோவு இல்ல மச்சான். அக்காவத் தூக்குன அன்னைக்கு அடிச்ச அடி. ரத்தக்கட்டு."

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுப் பெண்கள் வட்டமாகக் கூடி, ஒப்பாரிக்கு இசைய மார்பில் அடித்துக்கொண்டு அழுவார்கள். என் மனைவி இறந்த அன்று மற்றவர்களின் கைகள் ஓய்ந்த பிறகும் இவள் கை ஓயவில்லை. உறவுப் பெண்கள் மணிக்கட்டைப் பற்றித்தான் நிறுத்தினார்கள். பின்னொரு நாள் குளிக்கையில் கட்டி தட்டுப்பட்டபோது, அந்த அடியினால் வந்ததென்றே முடிவு செய்துவிட்டாள். வீக்கத்துக்குப் பூசும் மூசாம்பரத்தை, கற்றாழைப் பிசினை, குழைத்துச் சூடாக்கி, கணவருக்குத் தெரியாமல் மாதக்கணக்கில் பற்றுப் போட்டிருக்கிறாள். அதை அவள் நோயாக அல்ல, அக்காவிடமிருந்து எஞ்சிய ஒன்றாகவே பேணி வந்தாள் என்று எனக்குத் தோன்றியது.

"வலிக்குதா?"

"அதேன் இல்லையே. அடிச்ச வலி அப்பவே போயிருச்சு. இது மட்டும் கல்லு கணக்கா கெடக்கு."

"ரத்தக்கட்டு இத்தனை மாசம் தங்காதும்மா. அடிச்சதால இது வரவும் வராது. நீ அழுததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

அவள் முகம் வாடியது. ஆறுதலாகச் சொல்ல நினைத்தது, அவள் கையிலிருந்ததைப் பறித்ததுபோல் ஆகிவிட்டது. சற்று நேரம் தரையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, நோவுன்னே வச்சுக்குவோம். அக்கா எல்லாந்தேன் பண்ணுனா. அறுத்தாக, மருந்து ஏத்துனாக, கரண்டு வச்சாக. கடைசில என்ன ஆச்சு?"

"நடுவுல சில வருஷம் கெடச்சுதே."

"கெடச்ச வருஷம் எப்பிடி இருந்துச்சு? ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீக. மார எடுத்ததுக்கப்பறம் அவள நீங்க பாத்தீகளா? ஊரு பாக்குற மாதிரி இல்ல மச்சான். புருசன் பாக்குற மாதிரி."

எழுந்து சன்னலருகே போனேன். பிறர் முன்னிலையில் என் மனைவியின் தோளைத் தொட்டும் பேசாதவன் நான். இந்தக் கேள்வியை மருத்துவர்கள் கேட்டதில்லை. எங்கள் பிள்ளைகள் கேட்டதில்லை. என் வாக்கியங்கள் எவற்றிலும் இதற்கு இடமில்லை. கொழுந்தியாள் அஞ்சியது சாவுக்கு அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது.

"பாத்தேன்" என்றேன், வெளியே பார்த்தபடியே. "கட்டுப் பிரிச்ச அன்னைக்குத் திரும்பிக்கங்கன்னு சொன்னா. நான் திரும்பல. அவதான் கண்ண மூடிக்கிட்டா."

"முகஞ் சுளிக்கலையா?"

"இல்ல."

அதற்குமேல் என்ன சொன்னேன் என்பது முழுமையாக நினைவில்லை. எதைச் சொல்லாமல் விட்டேன் என்பது நினைவிருக்கிறது. வடு ஆறிய பிறகு ஒவ்வொரு காலையும் அதன்மேல் தேங்காயெண்ணெய் தடவியது என் வேலையாக இருந்ததைச் சொன்னேன். முதலில் அது மருத்துவம். பிறகு எங்கள் இருவருக்கும் அதுவே நாளின் தொடக்கமாயிற்று. ரவிக்கை ஒருபுறம் தொய்கிறதென்று அவள் வருந்தியபோது, பழைய பருத்திச் சேலையில் பை தைத்து, எடைக்காகக் கேழ்வரகு நிரப்பிக் கொடுத்தேன். "முளைச்சுரப் போகுது" என்று சிரித்தாள்.

மருந்தில் தலைமுடியோடு புருவமும் உதிர்ந்திருந்தது. கண்ணுக்கு மையிடாமல் வாசல் தாண்டாதவள் அவள். அலங்காரத்தை அவள் வீண் என்று எண்ணியதில்லை. பல் துலக்குவதுபோல் அதுவும் ஓர் ஒழுங்கு. அவள் கை நடுங்கியதால் புருவத்தை நான் வரைந்தேன். முதல் நாள் ஒன்று மற்றதைவிட மேலேறிப் போயிற்று. அதோடே கீழக்குயில்குடி மலையடிக்குப் போய்த் தாமரைக் குளத்தருகே மாலைவரை இருந்தோம். அவ்வளவு நேரமும் அவள் என்னைக் கண்டு வியந்தவள்போலவே இருந்தாள். நான் அவளைக் காதலித்த நாள்களில் எந்த நாள் உயர்ந்ததென்று யாரேனும் கேட்டால், மணநாளைச் சொல்ல மாட்டேன்; அந்த நாளைத்தான் சொல்வேன். அதை மட்டும் கொழுந்தியாளிடம் சொல்லவில்லை.

கொழுந்தியாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள், பிறகு அழுதாள்.

"நீங்க படிச்சவுக. எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் ஆகாது மச்சான். ஆட்டுக்குக் காயம்னாலே எட்டப் போயிருவாரு."

நிலைப்படியில் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்டது. சகலை எப்போது வந்து நின்றாரென்று தெரியவில்லை.

"இத எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல?" என்றார் மனைவியிடம்.

"கேட்டா நீங்க பதில் சொல்ற ஆளா?"

"பதில் சொல்ற ஆளில்ல. வண்டி எடுக்குற ஆளு. கெளம்பு."

 அவள் எழுந்து சேலை மாற்றப் போனாள்.

அவர்கள் வண்டியில் முன்னே போக, நான் பேருந்தில் போய்ச் சேர்ந்தேன். மதுரையில் மருத்துவமனையின் படமெடுக்கும் அறை வாசலில் மீண்டும் ஒரு தடை. "கழுத்துல இருக்கறத எல்லாம் கழட்டிட்டு வாங்கம்மா" என்றார் நர்ஸ்.

"எல்லாத்தையும் கழட்டுறேன் தாயி. தாலியக் கழட்டச் சொல்லாத."

"தங்கச் சங்கிலி படத்துல விழும்மா."

"அப்ப படமே வேணாம்."

நான் ஏதோ விளக்க முற்பட்டேன். சகலை விடுவிடுவென்று தெருவுக்கு ஓடினார். எதிர்க்கடையிலிருந்து மஞ்சள் கயிறும் ஒரு விரலி மஞ்சளும் வாங்கி வந்தார். நோயாளிகள் வரிசையில் காத்திருக்க, நடைபாதைச் சுவரோரம் மனைவியை நிறுத்தி, மஞ்சளைக் கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் கட்டத் தொடங்கினார். முடிச்சு விழவில்லை.

"ரெண்டாங் கல்யாணமா அண்ணே? சீக்கிரம் போடுங்க, பின்னாடி ஆளு நிக்குது" என்றார் நர்ஸ். தலையில் துணி சுற்றியிருந்த ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்தபடியே மெல்லக் குலவையிட்டாள்.

"அன்னைக்கும் இப்பிடித்தேன் கை நடுங்குச்சு ஒங்களுக்கு" என்றாள் கொழுந்தியாள்.

"அன்னைக்குப் பயம்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் அதேன்."

அவளே தங்கச் சங்கிலியைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டு, உள்ளே போனாள்.

படம் எடுத்த பின் ஊசியால் திசுவும் எடுத்தார்கள். கட்டி சிறியது என்றார் மருத்துவர். தீயதென்றால் மார்பை முழுவதும் எடுக்க நேருமா, கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா என்பதெல்லாம் முடிவு வந்த பிறகே தெரியும் என்றார். "எதுன்னாலும் செஞ்சுருங்கம்மா" என்றாள் அவள். சொன்னது மருத்துவரிடம், பார்த்தது கணவரை.

இதை எழுதும் இன்றுவரை முடிவு வரவில்லை. நாள்தோறும் கொட்டாம்பட்டிக்குப் பேசுகிறேன். நேராகக் கேட்க நா எழாததால், அங்கே மழை உண்டா என்று கேட்கிறேன். இன்று காலை கொழுந்தியாளே எடுத்தாள்.

"மழையும் இல்ல, முடிவும் வரல மச்சான். வந்தா மொதப் போன் ஒங்களுக்குத்தேன். இவரு இங்க கூடவேதேன் ஒக்காந்திருக்காரு, கடலக் காட்டுக்குப் போங்கன்னாலும் போக மாட்டேங்குறாரு. நீங்க போயி எதாச்சும் சாப்பிடுங்க."