இறக்கத்தில் மிச்சம் பிடித்த பெட்ரோல்

மலையில் இறக்கம் வந்தால் போதும், என் கணவர் பைக் இன்ஜினை அணைத்துவிடுவார். "தானா உருள்ற வண்டிக்கு எதுக்கு கண்ணு பெட்ரோலு?" என்பார். நெடும்பயணச் செலவை இப்படித்தான் குறைக்கிறாராம்.

நான் குன்னூருக்குப் பக்கத்து மலையூரான ஜெகதளாக்காரி. ஏறுகிற கியரிலேயேதான் இறங்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அவர் திருப்பூர்க்காரர், காதில் ஏறாது.

இன்று காலை எங்கள் ஊரிலிருந்து இருவரும் பைக்கில் ராமேஸ்வரம் கிளம்பினோம். குன்னூரைத் தாண்டியதுமே இன்ஜினை அணைத்தார். பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் ஏதோ கருகும் வாடை.

"ஏனுங்க, பிரேக்கைப் புடிங்க!"

"புடிச்சுட்டுத்தான் இருக்கேன். நிக்க மாட்டேங்குது!"

எதிரே பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது.

"கியரைப் போடுங்க!" என்று அவர் காதருகே கத்தினேன். போட்டார். வண்டி உதறி உதறி வேகம் குறைந்து, தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. பஸ் எங்களை ஒட்டிக் கடந்து போனது.

பிரேக் சூடு ஆறும்வரை காத்திருந்து, முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கினோம். இப்போது மேட்டுப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறோம். முன்னும் பின்னும் பிரேக் பேடு தேய்ந்துவிட்டது, இரண்டையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக்.

இவர் கேட்கிறார்: "முன்னாடி மட்டும் மாத்துனா பத்தாதுங்களா?"

ராமேஸ்வரம் அங்கேயே இருக்கட்டும். இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குக் காரில் போகிற நண்பர்கள் யாராவது உண்டா? ஒரு ஆளுக்கு இடம் இருந்தால் போதும்.