ஐயரை ஊரிலேயே நிறுத்திவைக்க நான் எழுதிய மனு

எங்கள் சபையில் ஐயர் என்றால் போதகர். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அவரை மாற்றுவார்கள். ஈஸ்டர் முடிந்ததும் பேராயர் தலைமையில் ஒரு குழு கூடி, எந்த ஐயர் எந்த ஊருக்கு என்று முடிவு செய்யும். மே மாதம் பட்டியல் வரும். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஐயர் வீட்டு வாசலில் லாரி நிற்கும். பிறந்ததிலிருந்து கம்பத்தில் இதைப் பார்த்து வருகிறேன். ஒருவர் போவார், வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள், அடுத்தவர் வருவார். போகிறவருக்காக ஒரு ஞாயிறு அழுவோம், வருகிறவருக்காக மறு ஞாயிறு பிரியாணி போடுவோம். இதில் நம்மைப் போன்றவர்கள் கை வைக்க முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை, அந்த வருடம் வரைக்கும்.

அந்த வருடம் எனக்கு இருபத்துநான்கு. பி.இ. முடித்து, பெங்களூரில் ஒன்பது மாதம் வேலை பார்த்து, பிடிக்காமல் விட்டுவிட்டு வந்து, போட்டித் தேர்வுக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். கையில் நேரம் இருந்தது. வாலிபர் சங்கத்தில் செயலாளர் பதவி காலியாக இருந்தது. வேறென்ன வேண்டும்? மூன்றே மாதத்தில் வாட்ஸாப் குழு, இரத்ததான முகாம், ஆலயத்துக்குப் புது ஸ்பீக்கர் என்று எல்லோரையும் ஒரு வழி பண்ணிவிட்டேன்.

அப்போதிருந்த ஐயர் வந்து மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. நாற்பது வயது இருக்கும். பிரசங்கம் சுமார்தான், குரல் எடுக்காது. ஆனால் ஆள் ஓரிடத்தில் உட்கார மாட்டார். ஏலத்தோட்ட வேலைக்காகக் கேரள மலைக்குப் போகும் பெண்கள் விடிந்தும் விடியாமலும் ஜீப் ஏறுவார்கள். இவர் பைக்கில் அங்கே போய் நின்றுவிடுவார். ஜீப் நிரம்புகிற பத்து நிமிடம்தான். யார் வீட்டில் காய்ச்சல், யார் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்று கேட்பார். சின்னதாக ஒரு ஜெபம். ஜீப் கிளம்பிவிடும். அந்தப் பெண்களில் பலருக்கு ஞாயிறும் வேலைநாள். அவர்களால் கோயிலுக்கு வர முடியாது, அதனால் இவர் போனார்.

அவருக்கு ஒரே மகள், ஏழு வயது. பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது. கம்பத்துக்கு வந்தபோது அவளுக்கு ஒரு வார்த்தைகூட வராது. தேனியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருகிற இடம் ஒன்று இருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஐயரின் மனைவி, ஐயரம்மா, அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போவார். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. காது மெஷின் மாட்டி, டீச்சரின் தொண்டையில் இவள் கையை வைத்து, அதிர்வைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு வார்த்தையாக ஏறியது. ஞாயிறு பள்ளியில் அவள் என் வகுப்பு. ஒரு நாள் என் துப்பட்டாவை இழுத்து, வாயை அகலத் திறந்து, ‘தண்ணி’ என்றாள். நான் தண்ணீர் எடுக்க மறந்து அப்படியே நின்றுவிட்டேன். அவள் இன்னொரு முறை, கோபமாக, சொல்லவேண்டியிருந்தது.

ஈஸ்டருக்கு மூன்று வாரம் முன்னால் ஒரு பேச்சு வந்தது. கிழக்கே ராமநாதபுரம் கடலோரத்தில், சபையே இல்லாத சில ஊர்களில் புதுப் பணித்தளம் தொடங்கப்போகிறார்கள். அதற்கு ஒரு ஐயர் வேண்டும், ஒருவரும் அகப்படவில்லை. ஒருவருக்கு மனைவி அரசுப் பள்ளியில் டீச்சர், ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு மகன் பிளஸ் டூ. நம்ம ஐயர் பெயரும் அடிபடுகிறது என்று எங்கள் சங்கத்தில் ஒருவர் தேனியில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். உண்மையா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அந்தப் பக்கம் பேச்சுப் பயிற்சி உண்டா என்று மட்டும் போனில் தேடினேன். பக்கத்தில் எதையும் காட்டவில்லை. நடுவில் பயிற்சியை விட்டால் வந்த வார்த்தையும் போய்விடும் என்று ஐயரம்மா ஒருமுறை சொல்லியிருந்தார். அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்தேன்.

ஐந்து பத்தி. இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஐயரின் ஊழியத்தை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். ஜீப் நிற்குமிடத்து ஜெபம், திராட்சைத் தோட்டத்துக் குடியிருப்புகளில் வாரம் ஒரு மாலை, ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடவே காத்திருப்பது. ‘ஆட்கள் ஆலயத்துக்கு வரட்டும் என்று காத்திராமல், ஆட்கள் இருக்கும் இடத்தைத் தேடிப் போகிறவர்’ என்று ஒரு வரி. எழுதி முடித்ததும் அந்த வரியை நானே நாலு தரம் படித்துப் பார்த்துக்கொண்டேன். மகளின் பயிற்சியைப் பற்றி ஒரு பத்தி. கடைசியில், இவரை மாற்றினால் வாலிபர்கள் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்திக்கொள்வோம் என்று ஒரு போடு போட்டேன். சும்மா ஒரு வேகத்துக்கு.

ஒரு வாரம் கையெழுத்து வாங்கினோம். ஆராதனை முடிந்து வாசலில், மார்க்கெட்டில், ஜீப் நிற்குமிடத்தில். தோட்டத்துப் பெண்கள் ஜீப்பின் பேனட்டில் தாளை வைத்துக் கைநாட்டு வைத்தார்கள். ஐயருக்கு மட்டும் தெரியக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தெரிந்தால், அவரே தூண்டிவிட்டார் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். இதையெல்லாம் யோசித்த எனக்கு, யோசிக்கவேண்டிய வேறொன்று இருக்கிறது என்பது எட்டவில்லை. என் அப்பா அந்த வாரம் ஊரில் இல்லை. காய்கறி கமிஷன் கடை வைத்திருக்கிறார், சபைக் கமிட்டியிலும் இருக்கிறார். லோடு விஷயமாகக் கோட்டயம் போயிருந்தார். இருந்திருந்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருப்பார்.

பேராயருக்கு ஒன்று, பேராயர் அலுவலகச் செயலாளருக்கு ஒன்று, தேனிப் பக்கத்துச் சபைகளுக்கெல்லாம் பொறுப்பான மூத்த ஐயரான வட்டகைத் தலைவருக்கு ஒன்று. மூன்றையும் ரிஜிஸ்டர் போஸ்டில் அனுப்பி, மனுவைப் போட்டோ எடுத்து எங்கள் குழுவிலும் போட்டேன். அது எத்தனை கை மாறியதோ, மறுநாள் சாயங்காலம் ஐயர் பைக்கில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அனுப்பியாகிவிட்டதா என்று கேட்டார். அனுப்பியாகிவிட்டது என்றேன். அம்மா டீ கொடுத்தார். அதைக் குடித்து முடித்தார். பிறகு “சரிம்மா” என்று எழுந்து போனார். தன்னைப் பற்றிய புகழ்ச்சியைப் படித்துக் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மே மாதம் பட்டியல் பிடிஎஃப் ஆக வந்தது. முதல் பெயரே அவருடையதுதான். ‘புதிய பணித்தளம்’ என்று நேரே போட்டிருந்தது.

அப்பாவும் கமிட்டியில் இன்னும் இரண்டு பேரும் வட்டகைத் தலைவரைப் பார்க்கத் தேனிக்குப் போனார்கள். வேண்டாம் என்று சொன்னபோதும் நான் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவர் கோபப்படவில்லை. எல்லோருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். மேசையில் என் மனு இருந்தது.

“இது உங்க பிள்ளை எழுதினதா? நல்லா எழுதியிருக்கு” என்று அப்பாவிடம் சொன்னார். அந்த வரியை வாய்விட்டு வாசித்தார். தேடிப் போகிறவர். பிறகு என்னைப் பார்த்தார். “கடற்கரைக்கு யாரை அனுப்புறதுன்னு நாங்க ரெண்டு கூட்டமா முழிச்சுக்கிட்டிருந்தோம். மூணாவது கூட்டத்துல இதை வாசிச்சாக. வாசிச்சு முடிச்சதும் யாரும் வேற பேரே சொல்லலம்மா.”

பிள்ளையின் பயிற்சியைப் பற்றியும் எழுதியிருக்கிறேனே என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“அது எனக்குத் தையிலயே தெரியும். உங்க ஐயரு இங்கன வந்து, அந்தா அந்த நாற்காலியில உக்காந்து சொல்லிட்டுப் போனாக. நான்தான் சொன்னேன், மூச்சு விடாம இருங்க, யாரும் உங்களைப் பத்திப் பேசாம இருந்தா உங்க பேரு மேசைக்கே வராது, ரெண்டு வருஷம் ஓட்டிரலாம்னு.”

அதற்குமேல் அவர் சொல்லாமலே புரிந்தது. ஆனால் சொன்னார். எந்த ஐயருக்காகச் சபை மனுப் போடுகிறதோ, அந்த ஐயர் அங்கே ஒரு கட்சி சேர்த்துவிட்டார் என்றுதான் மேலே எடுத்துக்கொள்வார்களாம். அவரை அந்த வருடமே கிளப்பிவிடுவது வழக்கமாம். ஆலயத்துக்கு வரமாட்டோம் என்று வேறு நான் எழுதியிருக்கிறேன். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்றேன். அப்படிச் செய்தால் அந்தக் கையெழுத்தெல்லாம் ஐயர் மிரட்டி வாங்கியது என்று ஆகிவிடும் என்றார். இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருந்தது. மோர் அப்படியே இருந்தது.

திரும்பும் வழியில் கார் உத்தமபாளையம் தாண்டியது. பிறகு அப்பா திரும்பாமலே சொன்னார். “ஏத்தா, ஐயரு இங்கனயே இருக்கணும்னா அவரு மேல குறை சொல்லில்ல எழுதிப் போட்டிருக்கணும். சரியா வேலை பாக்கல, வீட்டுல படுத்தே கெடக்காருன்னு ரெண்டு வரி. எந்த ஊர்க்காரனும் வேண்டாம்னு சொல்லியிருப்பான், சாகுற வரைக்கும் நமக்கே விட்டிருப்பாக.” பின்சீட்டில் இருந்த கமிட்டிக்காரர் சிரித்துவிட்டார். பிறகு நான் இருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

இப்படி ஒரு வழக்கம் இருப்பது சபையில் ஐம்பது வயது தாண்டிய எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர்களில் பாதிப் பேர் மனுவில் கையெழுத்தும் போட்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் ஆசையாக வந்து கேட்கும்போது எப்படி மறுப்பது என்றார்கள் பிறகு. எல்லாம் தேவ சித்தம் என்றும் சொன்னார்கள். அது யார் சித்தம் என்று எனக்குத் தெரியும். போஸ்ட் ஆபீஸ் ரசீது என் பையில் இருந்தது.

மறுநாள் ஐயர் வீட்டுக்குப் போனேன். அட்டைப்பெட்டிகளில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்பதற்காக நாலைந்து வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன். ஐயர் என்னை முந்திக்கொண்டார். அனுப்புகிற இடத்துக்குப் போகிறேன் என்று ஐயராக அபிஷேகம் பெற்ற நாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதில் பிள்ளையின் காதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை என்றார். இலேசாகச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் அதை நம்பினார் என்றே நினைக்கிறேன். அந்தக் கடற்கரை ஊர்களைப் பற்றி அதற்குள் விசாரித்துக்கூட வைத்திருந்தார். எந்த ஊரில் எத்தனை படகு, எங்கே கூரை போடலாம் என்று பேச ஆரம்பித்தவர், மனைவி முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

ஐயரம்மா தட்டுகளுக்கு நடுவில் செய்தித்தாள் வைத்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஐயாகிட்ட கேக்காட்டி போகுது. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல” என்றார்.

கொஞ்ச நேரம் பெட்டிக்குக் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். பிரிவு உபசாரக் கூட்டத்தில் வாழ்த்து மடல் எழுதி வாசிக்க என்னைக் கேட்டார்கள். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேறு யாரோ எழுதினார்கள், அதில் பிழைகள் இருந்தன, யாருக்கும் எந்தத் தீங்கும் வரவில்லை.

அவர்கள் போனபிறகு திருச்சபைப் பத்திரிகையில் அந்தப் பணித்தளத்தைப் பற்றிச் செய்தி வர ஆரம்பித்தது. பனையோலைக் கூரையில் முதல் ஆராதனை. பிறகு கூரைக்கு வெளியேயும் ஆட்கள். படகு கரையேறுகிற நேரத்துக்கு ஐயர் போய் நிற்கிறாராம். போட்டோவில் மெலிந்து, கறுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். குழுவின் முடிவு சரிதான் என்று சொல்ல இதைவிட வேறு சாட்சி வேண்டாம். அதைப் படிக்கும்போதெல்லாம் பாதியில் பத்திரிகையை மூடி வைத்துவிடுவேன். இந்த மனிதர் எங்களோடு இருந்திருந்தால் அந்த மீனவர்களுக்கு யார் என்றும் கேட்டுக்கொள்வேன். அவர்களை நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது அந்தப் பிள்ளையைத்தான்.

அவளை ஐந்து மாதம் அங்கே வைத்துப் பார்த்தார்கள். டீச்சர் போனில் வீடியோவில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார். சிக்னல் நிற்காது. அவள் கையால் காட்ட ஆரம்பித்துவிட்டாள். பிறகு காட்டுவதையும் விட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாளாம். அதற்குமேல் ஐயரம்மா பொறுக்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு தேனிக்கே வந்து, பஜாருக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். காலையில் பிள்ளையைப் பயிற்சிக்கு விட்டுவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறார். ஐயர் மாதம் ஒருமுறை வருவார், ஞாயிறு ஆராதனை இருப்பதால் சனிக்கிழமை மதியமே திரும்பிவிடுவார். சில மாதம் வரவும் முடியாது.

இதையெல்லாம் அப்பா மூலமாகத்தான் கேள்விப்பட்டேன். தேனியில் தேர்வு எழுதப் போன ஒரு நாள், துணிந்து அந்த அறைக்குப் போனேன். ஐயரம்மா வாசலில் ஒரு நொடி நின்றார். பிறகு உள்ளே வரச் சொன்னார். பழைய கோபம் இல்லை, பழைய பிரியமும் இல்லை. காப்பி போட்டார். பிள்ளை வளர்ந்திருந்தாள். என்னை அடையாளம் கண்டுகொண்டாளா என்று தெரியவில்லை. தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டீச்சர் வாரத்துக்கு மூன்று வாக்கியம் வீட்டுப்பாடம் கொடுக்கிறார். பிள்ளையின் சொந்த வீட்டு விஷயமாக இருக்கவேண்டும், அப்போதுதான் நிற்கும் என்பது பயிற்சி முறை. முழு வாக்கியம் வந்துவிட்டால் அறையில் யார் இருந்தாலும் கை தட்டவேண்டும். இதையெல்லாம் விளக்கிக்கொண்டே ஐயரம்மா நோட்டைப் பிரித்தார். பாட நேரம் வந்துவிட்டது, என்னால் அது தள்ளிப்போகக் கூடாது.

“அப்பா எங்க இருக்காக?” என்று பிள்ளையின் முகத்துக்கு நேரே, உதட்டை விரித்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

அவள் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒருமுறை காற்றுதான் வந்தது. மறுமுறை, கனமான, ஏற்ற இறக்கமில்லாத குரலில் வந்தது.

“அப்பா... இங்கன... இல்ல.”

மூன்று வார்த்தையும் சுத்தமாக இருந்தது. ஐயரம்மா சத்தமாகக் கை தட்டினார். தட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார், நானும் தட்டவேண்டும் என்று. பிள்ளையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினேன்.