சன்னல் சீட்டு

போன வருடத்துக்கு முந்தின வருடம், உசிலம்பட்டிக்குப் போகும் டவுன் பஸ் கண்மாய்க் கரையிலிருந்து உருண்டது. ஒன்பதாவது படித்த என் மகள் கை முறிந்து பிழைத்தாள். பக்கத்தில் இருந்த அவள் சிநேகிதி, எதிர்வீட்டுப் பெண், அங்கேயே போய்விட்டாள். சன்னலோரம் எப்போதும் என் மகளுடைய இடம். அன்று சிநேகிதி காற்று வேண்டுமென்று கேட்க, மாறி உட்கார்ந்திருக்கிறாள். இதை என்னிடம் சொன்னாள். அந்தத் தாயிடமும் போய்ச் சொன்னாள்.

இருவரும் ஒரே தட்டில் தின்று வளர்ந்த வீடு அது. "எம் பிள்ளைய மண்ணுல வச்சிட்டு நீ எதுக்குடி உசுரோட வந்து நிக்கிற? இனி இந்த வாசல மிதிக்காத" என்று கதவைச் சாத்தினாள்.

பள்ளிக்கூடம் போனால் பஸ்ஸில் கண்டக்டர், ஏறுகிற பிள்ளையிடம், "ஏத்தா, அது பக்கத்துல உக்காராத. ஆளக் காலி பண்ணிரும்" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

தமிழ் டீச்சர், "நடந்ததக் கதையா எழுது, பாரம் எறங்கும்" என்றார். எழுதினாள். பஸ் கவிழ்கிறது, ஒருத்தி சாகிறாள், மற்றவள் பயத்தை வென்று மறுபடி பஸ் ஏறுகிறாள். ஆண்டு விழாவில் அவளையே வாசிக்க வைத்தார்கள். தன்னைத்தான் எழுதியிருக்கிறாள் என்று எல்லோரும் கைதட்டினார்கள். கதையில் பிழைத்தவள், காற்று வேண்டுமென்று சன்னலோரம் மாறி உட்கார்ந்தவள்.

இளைய மகளுக்காக வந்திருந்த எதிர்வீட்டுக்காரி பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள். "இப்பத்தான் மதினி ஒங்க மக சரியாச் சொல்லியிருக்கா."

மறுநாள் வாசலில் நின்று அவளே கூப்பிட்டாள். "இங்க வாத்தா. அப்புறம் எம் மக என்ன ஆனா?"

அன்று முதல் மாலையானால் என் மகள் அங்கே போகிறாள். கதையில் அந்தப் பெண் பத்தாவது, பிளஸ் டூ எல்லாம் பாஸாகிவிட்டாள். பச்சைத் தாவணி கட்டுகிறாள். இப்போது காலேஜில் சேரப் போகிறாளாம். சில நாள் அந்த வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கிறது. அந்தக் காலத்துப் பி.யு.சி. வரை படித்தவள் நான். இதை எப்படி நிறுத்துவதென்று தெரியவில்லை.

நேற்று என் மகள் அங்கே கிளம்பிச் செருப்பை மாட்டும்போது கேட்டே விட்டேன்.

"அந்தக் கதையில ஒன்னயும் பொழைக்க வையேன் சாமி."

அவள் நிமிரவில்லை.

"அதுல நான் செத்துப் போனதாலதானம்மா அவுக என்னய உள்ள விடுறாக."