குதிரைத்தலை பீருக்கு எட்டு மார்க்

பாட்டில் கைக்கு வந்ததும் ராமர் குடித்துவிட மாட்டார். கழுத்தைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கி, அடியில் கசடு நிற்கிறதா என்று பார்ப்பார். லேபிளில் தேதி தேடுவார். தம்ளரைச் சாய்த்து ஊற்றி, நுரை அடங்கும்வரை கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் எதிரே உட்கார்ந்திருப்பவர் பாதி பாட்டிலை முடித்திருப்பார்.

பல்லடம் ரோட்டில் மதுக்கடையை ஒட்டிய பார். ஞாயிறு மதியம் தவறாமல் வருவார். ஆறு நாளும் எக்ஸ்போர்ட்டுக்காகக் கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பனியன் செக் பண்ணுகிற கண், ஏழாம் நாள் மட்டும் சும்மா இருக்குமா? ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என எதைக் கண்டாலும் அங்கே சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. அந்த ஸ்டிக்கர் தாள் ஞாயிறன்றும் சட்டைப் பையில் இருக்கும். கூடவே ஒரு நோட்டு. நுரைக்கு, மணத்துக்கு, கசப்புக்கு என்று பத்துக்கு மார்க் போட்டுக் கீழே கையெழுத்தும் போடுவார். திங்கட்கிழமை காலையில் தலை வலித்தால் இரண்டு மார்க் வெட்டு.

கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், கோபம் மூக்குமேல் நிற்கும். கடையில் கேட்ட பீர் கிடையாது, கூலிங் கிடையாது, ஏன் என்று கேட்டால் முறைப்பார்கள். "குடுத்ததக் குடிச்சிட்டுப் போறதுக்கு நாம என்ன மாடா?" என்பார்.

முதலில் கேலி செய்தவர்களே பிறகு அவரிடம் மார்க் கேட்டு வந்தார்கள். சாயப்பட்டறையில் நிற்கிறவர்கள், பண்டல் தூக்குகிறவர்கள், வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டில் குடிக்கிறவர்கள். அது புளித்துப்போனால் அவர்களுக்கு அந்த வாரமே போச்சு. ராமர் நாலு என்றால் தொட மாட்டார்கள்.

பாரை எடுத்து நடத்தும் கிட்டுசாமி, பாட்டில்களையும் கடையிலிருந்து பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கி அவரே விற்பார். ஒரு ஞாயிறு ராமரைத் தனியாக உட்கார வைத்து, ஐஸிலிருந்து குதிரைத்தலைப் படம் போட்ட பீரை எடுத்து நீட்டினார். "உங்களுக்குன்னே வெச்சிருந்தனுங்க. பாத்துச் சொல்லுங்க" என்றார். புதுத் தேதி, நல்ல நுரை. ராமர் எட்டு போட்டார். மறுநாளே அந்தப் பக்கத்தின் ஜெராக்ஸ் கல்லாவுக்கு மேலே ஏறிவிட்டது.

2007 மே மாதத்தில், சாயப்பட்டறைச் சீனிச்சாமி பாதி குடித்த குதிரைத்தலைப் பாட்டிலைக் கொண்டுவந்து ராமர் முன்னால் வைத்தார். அதட்டிப் பேசவே தெரியாத மனிதர்.

"நீங்க எட்டு போட்டதுதானண்ணே. எனக்குத்தான் வாய் சரியில்லையோ?"

ராமர் ஒரு மடக்கு குடித்துப் பார்த்துத் துப்பினார். தேதி முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தன் நாக்கை நம்பாமல் இந்த மனுஷன் என் மார்க்கை நம்பியிருக்கிறானே என்று பாட்டிலைத் தள்ளி வைத்தார். எழுந்துபோய் மூலையில் இருந்த பெட்டிகளை இழுத்துப் பிரித்தார். அத்தனையிலும் அதே தேதி.

கிட்டுசாமி பதறவில்லை. "ஏனுங்க கோவிச்சுக்கறீங்க? உங்களுக்குக் குடுத்தது நல்லதுதானுங்களே?"

சாம்பிளை ஒரு தரத்திலும் சரக்கை ஒரு தரத்திலும் தள்ளிவிடுகிற கம்பெனிகளிடம் வாரம் முழுக்க ராமர் போடுகிற சத்தம் ஊரறிந்தது. "பீஸ நீ எடுத்து நீட்டாத, பெட்டிய நான் பிரிச்சுக்கிடுதேன்" என்று முதலாளிகள் முகத்துக்கு நேரே சொல்கிறவர். அப்படிப்பட்டவர் ஐஸிலிருந்து நீட்டிய ஒரு பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டு, ஊருக்கே மார்க் போட்டிருக்கிறார்.

பார் முழுக்க அவர் வாயையே பார்த்தது. ராமர் கல்லாவுக்கு அருகே போனார். சட்டைப் பையிலிருந்து ஸ்டிக்கர் தாளை எடுத்து ஒரு சிவப்பு அம்பை உரித்தார். மேலே ஒட்டியிருந்த ஜெராக்ஸில், எட்டு என்ற எண்ணைத் தாண்டி, பீரின் பெயரைத் தாண்டி, முனை தன் கையெழுத்தைத் தொடுகிற மாதிரி வைத்து, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினார்.