ராஜாவுக்கு லாடம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால். கும்மிடிப்பூண்டி மனமகிழ் மன்றத்துக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டவை ஒரு கறுப்புப் பெட்டியில் ஒளிர்ந்த சிவப்பு எண்கள். மன்றத் தலைவரான ரசாயனத் தொழிற்சாலை மேலாளர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சதுரங்க இயந்திரம் அது. எழுபதுகளின் கடைசியில் அப்படி ஒன்றை எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்ததில்லை.

நான் சென்னையில் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். தினமும் ரயிலில் போய்வந்தேன். மேலாளர் என்னிடம் பலமுறை தோற்றவர். அன்று இயந்திரத்தின் எதிரில் என்னைத்தான் முதலில் உட்காரவைத்தார்.

ஆட்டத்தின் பாதியில் என் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டது. எங்கள் ஊர் முறைப்படி ராஜா ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். தாவவைத்தேன். மேலாளர் அதைப் பொத்தான்களில் அழுத்தினார். சர்வதேச விதி மட்டுமே தெரிந்த பெட்டி கீச்சிட்டு மறுத்தது. வேண்டுமென்றே மறுபடி அழுத்தினார். மறுபடி கீச்சிட்டது.

"இன்னா பேப்பர்காரரே, உங்க ராஜாவுக்கு எப்போ லாடம் அடிச்சாங்க?" என்றார்.

மன்றமே சிரித்தது. நான் தோற்றேன்.

"இனிமே மிஷினை ஜெயிச்சவங்கதான் இந்த மேசைல ஆடலாம்" என்று மேலாளர் அறிவித்தார்.

மறுநாள் நடைமேடையில் டீக்காரர், "லாடம் சார், டீயா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பெயராகவே ஆகிவிட்டிருந்தது.

சில மாதங்கள் கழித்து அலுவலகத்தில் ஒரு வெளிநாட்டுச் செய்தி என் மேசைக்கு வந்தது. பல்கலைக்கழகக் கணிப்பொறி ஒன்றை ஒரு சதுரங்க வல்லுநர் தோற்கடித்திருந்தார். சிப்பாய்களை ஒன்றுக்கொன்று முட்டவைத்து ஆட்டத்தைப் பூட்டிவிட்டு, எதுவும் செய்யாமல் காத்திருந்தாராம். செய்வதற்கு ஒன்றுமில்லாதபோது கணிப்பொறி தன் ராஜாவின் காவலைத் தானே கலைத்துவிட்டது. கிராண்ட்மாஸ்டர்களை வெல்லும் இயந்திரம் அப்போது உலகில் இல்லை. செய்தியைச் சுருக்கி அச்சுக்கு அனுப்பிவிட்டு, மூலத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அதே கூட்டத்தின் முன் உட்கார்ந்தேன். பூட்டினேன். பிறகு யானையை ஒரு கட்டம் அந்தப் பக்கம், ஒரு கட்டம் இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"இன்னா நைனா, தூங்கிக்கினே ஆடுறியா?" என்றார் புதுவாயலில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்.

இயந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் பொத்தான்களை அழுத்திய விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் இயந்திரம் தன் ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை நகர்த்தியது. அடுத்து இன்னொன்றை.

"அய்யே, மிஷினு பேஜாராயிடுச்சு!" என்று சைக்கிள் கடைக்காரர் கத்தினார்.

ராணியோடு உள்ளே நுழைந்தேன். ஆட்டத்தை முடிக்க வழி கிடைத்தும் முடிக்கவில்லை. அதன் காய்கள் ஒவ்வொன்றையும் வெட்டினேன். வெட்டுப்பட்ட காயைப் பலகையிலிருந்து எடுத்துவைக்கும் வேலை மேலாளருடையது. எல்லாவற்றையும் எடுக்கவைத்த பிறகே முடித்தேன்.

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எதிர் நாற்காலியை இழுத்தார். "சரி, விடுங்க. நம்ம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் போடுவோமா?"

"மிஷினை நீங்க ஜெயிச்சிருக்கீங்களா சார்?"

சைக்கிள் கடைக்காரர், "அதானே! நீ போட்ட ரூலு தானே சார்?" என்றார்.

மேலாளர் அங்கேயே எல்லோர் முன்னிலையிலும் இயந்திரத்தோடு ஆடினார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தோற்றார். மாற்றலாகிப் போகும்வரை, ஞாயிற்றுக்கிழமைகளில், என் வழியில் இயந்திரத்தை ஜெயித்தவர்களோடு நான் ஆடியதை நின்றபடியே பார்த்தார்.