பலகைக்கு பிரஸ் போட்டவர்

துபாய்க்குப் பக்கத்து முவைலாவில் நம் கட்டடத்தில் குடியிருக்கும் பெருமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: கடந்த சனிக்கிழமை முதல் நம் சட்டைகளின் வலக்கையில் இரண்டு கோடுகள் விழுகின்றன. ஒன்று நேராகவும், மற்றொன்று அதற்குப் பேச்சுத் துணையாகவும் செல்கிறது. யாரும் பீதி அடைய வேண்டாம்.

இப்படி எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டுவதாகத்தான் இருந்தேன். போன வருடம் "நாளை முதல் லிஃப்ட் பக்கவாட்டிலும் செல்லும்" என்று ஒட்டியதும் இதே கைதான். ஒட்டுவதற்கு முன்னால் செல்லையா அண்ணனிடம் காட்டிச் சிரிக்கலாம் என்று சட்டையோடு கீழே லாண்டரிக்கு இறங்கினேன். பிரஸ் மேசைக்குப் பின்னால் ஒரு புது முகம் நின்றது.

"செல்லையா பாய் கஹான்?" எங்கே என்று இந்தியில் கேட்டேன்.

"செல்லையா பாய் கலாஸ்."

"டியூட்டி கலாஸா?"

அந்த ஆள் அயர்னை நிமிர்த்தி வைத்தார். "நஹீ பாய். பூரா கலாஸ்." இங்கே வேலை முடிந்தாலும் கலாஸ், ஆள் முடிந்தாலும் கலாஸ்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரூமில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கட்டடம் முழுக்கத் தெரிந்த செய்தி எனக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஏனென்றால் ஒரு மாதமாக நான் லாண்டரி வாசல் வழியாகப் போகவில்லை, பார்க்கிங் கதவு வழியாகத்தான் போய்வந்தேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் சொல்லாவிட்டால் ரியாஸ் சொல்லிவிடுவான்.

செல்லையா அண்ணனை உங்களுக்கெல்லாம் தெரியும். சிவகங்கைப் பக்கத்துக்காரர், பதினொரு வருடம் அதே மேசையில் நின்றவர். நம் எல்லோருடைய காலர் அளவும் தெரிந்தவர், யாருடைய காலரையும் பிடிக்காதவர். உங்களுக்குத் தெரியாதது, அவர் தேய்த்தது துணியை மட்டும் இல்லை என்பது.

துபாயில் ஒரு மாலுக்குள் பனிமலை கட்டித் திறந்தார்கள் அல்லவா? வெளியே நாற்பத்தைந்து டிகிரி வெயில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் ஒரு பலகையில் நின்றபடி சறுக்கி இறங்கினார்கள். அந்தப் பலகையை வீட்டிலேயே செய்யலாம் என்று எங்கோ குளிர்தேசத்தில் ஒருவர் இன்டர்நெட்டில் எழுதியிருந்தார். மரம், ஃபைபர் துணி, அதை ஒட்டும் பிசின், ஓரத்துக்கு எஃகு, எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்க ஒரு பிரஸ். ரியாஸ் என் வகுப்புத் தோழன், கீழக்கரைக்காரன். அவனிடம் பட்டியலைப் படித்துக் காட்டினேன். "பிரஸ்ஸா? ஒங்க பில்டிங் கீழயே இருக்கேடா" என்றான், முகத்தில் சிரிப்பே இல்லாமல். சரி, அண்ணனைக் கலாய்த்துவிட்டு வரலாம் என்று இருவரும் போனோம்.

"அண்ணே, அர்ஜென்டா ஒரு பிரஸ் போடணும்."

"சட்டையா, பேண்டாப்பு?"

"பலகை."

வேறு யாராக இருந்தாலும் துரத்தியிருப்பார்கள். அவர் நான் பிரின்ட் எடுத்துப் போன படத்தை வாங்கி, லைட்டுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு மொனையும் வளைஞ்சு நிக்கணும், ஒட்டுனது பிரியக் கூடாது. அம்புட்டுத்தானே? பிரஸ்னா சூடும் அழுத்தமுந்தான். காலருக்கு ஒண்ணு, கட்டைக்கு ஒண்ணுன்னு தனியாவா இருக்கு?"

நாங்கள் கொண்டுபோன ஜோக்கை அவர் வேலையாக எடுத்துக்கொண்டார். எங்களுக்கு அது பனி, அவருக்கு அது பணி. ஒரு சுழிதான் வித்தியாசம். அந்த ஒரு சுழியை அவர் தலையில் கட்டிவிட்டோம்.

அதன் பிறகு மூன்று மாத வெள்ளிக்கிழமைகள் லாண்டரியின் பின்கட்டில் கழிந்தன. தொழில்பேட்டையில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர் கராஜில் வெல்டர். பழைய ஆங்கிள் கம்பிகளில் கட்டில் மாதிரி ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தார், லாரி தூக்கும் ஜாக்கி இரண்டும் இரவல் கொடுத்தார். கீழே வளைவாக அறுத்த அச்சு, அதன்மேல் பலகை, பலகைமேல் அலுமினியத் தகடு, எல்லாவற்றையும் நசுக்க ஜாக்கி. எங்கள் பிரஸ் தயார். தண்ணீர்த்தொட்டிக்கு ஒட்டுப் போடுகிற ஃபைபர் துணியும் பிசினும் வாங்கினோம். அடிப்பக்கத்துக்குக் கசாப்புக் கடைகளில் கறி வெட்டும் வெள்ளை பிளாஸ்டிக். அதன் முழுத் தாளை ரியாஸ் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தான். கால் வைக்கும் வார்ப்பட்டை பழைய சாமான் கடையில் கிடைத்தது.

ஓரம்தான் எங்களை அழவைத்தது. திரும்பும்போது பனியைக் கடிக்க எஃகு ஓரம் வேண்டும். டைல்ஸ் முனைக்கு வைக்கும் அலுமினியப் பட்டையை வைத்தோம், அப்பளம் மாதிரி மடங்கியது. சரக்குப் பெட்டி கட்டும் இரும்புப் பட்டையை வைத்தோம், பிசினை விட்டுக் கழன்று வந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டு அண்ணன் மரப்பட்டறையிலிருந்து ஓர் அறுந்துபோன ரம்பப் பட்டையைச் சுருட்டிக்கொண்டு வந்தார். விரல் அகலம்கூட இல்லை, ஒரு பக்கம் முழுக்கப் பல்.

"பல்லை எல்லாம் ராவி எடுத்துடலாமாண்ணே?"

"ஏம்ப்பு எடுக்கணும்? பல்லு உள்ள பாத்து இருக்கட்டும், பிசினக் கடிச்சுப் புடிச்சுக்கும். முதுகு வெளிய இருக்கட்டும்."

"உங்கள மாதிரியேண்ணே. சிரிச்சாத்தான் பல்லு தெரியும்."

அவர் சிரித்தார். அப்போதும் தெரியவில்லை. அந்தப் பட்டை இன்று வரை கழலவில்லை.

பிசின் இறுக மிதமான சூடு வேண்டும். தகட்டின்மேல் பழைய அயர்ன்பாக்ஸ் ஆறை வரிசையாக வைத்து, நாலு மணி நேரம் ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் அறிவியல் பாடத் தெர்மாமீட்டரை நீட்டினேன். அவர் விரலைத் தண்ணீரில் நனைத்துத் தகட்டைத் தொட்டார். "சுர்ருங்கணும். சொய்ங்னுச்சுன்னா வேல கெட்டுச்சு." நாலு மணி நேரமும் அது சுர் என்றே சொன்னது. நாங்கள் இருவரும் ஏசி முன்னால் உட்கார்ந்து, அவருக்கு வாங்கி வைத்த ஜூஸையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தோம்.

பலகையை வெளியே எடுத்ததும் அவர் செய்த முதல் காரியம், மார்க்கரை எடுத்து வால்பக்கத்தில் 204 என்று எழுதியது. எங்கள் ஃபிளாட் நம்பர். சட்டைக் காலருக்குள் போடுகிற அதே நம்பர்.

"உங்க பேரப் போடுங்கண்ணே."

"என் பேரு எதுக்குப்பு? துணி யாருதோ அவுக நம்பர்தான். தொலைஞ்சா திரும்பி வரணும்ல?"

பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். அந்தப் பதினொரு வருடத்தில் அவர் யாரிடமாவது கேட்ட ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். "கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாக்கக் காசு இல்லைல? நீ எறங்குறப்ப ஒரு தடவ என்னையும் கூட்டிட்டுப் போ. சறுக்குதான்னு பாத்துட்டு வந்துருறேன்."

"கண்டிப்பாண்ணே" என்றேன். முதலில் நான் ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறேன், அடுத்த வெள்ளி உங்களைக் கூட்டிப்போகிறேன் என்றேன்.

அந்த ஒத்திகையில் நான் மலையிலிருந்து ஏழு தடவை இறங்கினேன் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்லாமல் விட்டது வாட்ச்மேன் வளர்க்கும் பூனையிடம் மட்டும்தான். பள்ளியில் பலகையைக் காட்டியபோது "நானே செய்தது" என்றும் சொன்னேன். அசிங்கமாக இருக்கிறது என்று 204-இன் மேல் ஒரு மண்டையோட்டு ஸ்டிக்கரும் ஒட்டினேன்.

அண்ணனிடமும் அளந்தேன். "எட்ஜு கடிச்சுச்சா?" என்று கேட்டார். "கடிச்சுதாவா? பனி கதறிடுச்சுண்ணே" என்றேன். அவர் பலகையைத் திருப்பி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார். "ஏழு தடவ எறங்கியும் ஒரு கீறல் இல்ல. நல்லா வச்சிருக்கப்பு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வெள்ளி எனக்குப் பரீட்சை. அதற்கடுத்த வெள்ளி கால் சுளுக்கு. சுளுக்கை எந்தக் காலில் வைத்தேன் என்பது ஞாபகம் இல்லாமல் இரண்டு காலையும் மாற்றி மாற்றி நொண்டினேன். மூன்றாவது வெள்ளிக்குக் காரணம் தீர்ந்துவிட்டது. "மலையில பனி ஸ்டாக் முடிஞ்சுபோச்சாம்ணே. கனடாலருந்து கண்டெய்னர் வரணுமாம்" என்றேன். அவர் தலையாட்டினார். அதன் பிறகு எப்போது என்னைப் பார்த்தாலும், கடை நிறைய ஆள் இருந்தாலும், "கண்டெய்னர் வந்துருச்சாப்பு?" என்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் பார்க்கிங் கதவைக் கண்டுபிடித்தேன். கோடு விழுந்த சட்டை கையில் இருந்தால் பேச்சை மாற்றிவிடலாம் என்றுதான் ஒரு மாதம் கழித்து அன்று லாண்டரிக்கு இறங்கினேன்.

அண்ணனோடு ஒரே ரூமில் இருந்த அந்தப் புதிய ஆள் சொன்னார். இறந்துபோவதற்கு முந்தின நாள்கூட யாரோ துபாய்க்கு டியூட்டிக்குப் போகிறவரிடம் அண்ணன் கேட்டாராம், பனி கண்டெய்னர் ஏதாவது வந்திருக்கிறதா என்று. கேட்டுவிட்டுச் சிரித்தாராம். ஏன் சிரித்தார் என்று இவருக்குப் புரியவில்லையாம்.

வியாழக்கிழமை அவரை ஊருக்கு அனுப்பினார்கள். நான் ஏர்போர்ட் வரை போகவில்லை. அவரை நான் கூட்டிப்போக வேண்டியிருந்த இடம் வேறு.

இனி, நான் சொல்லாவிட்டால் ரியாஸ் சொல்லிவிடும் விஷயம். ஒத்திகை என்று போன அந்த வெள்ளிக்கிழமை நான் வாடகைக் கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு பனியில் நின்றது உண்மை. வாசலில் இருந்தவர் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு "யல்லா" என்று உள்ளே விட்டதும் உண்மை. பலகையை இன்னும் கீழேகூட வைக்கவில்லை, ஐந்து வயசு இருக்கும் ஓர் அரபுக் குழந்தை மலையிலிருந்து அம்பு மாதிரி வந்து என் பூட்ஸ்மேல் பனியைத் தெறித்துவிட்டுப் போனது. பலகையை அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏழு தடவை எழுந்தேன், ஏழு தடவை உட்கார்ந்தேன். ஏழு என்ற கணக்கு அப்படி வந்ததுதான். டிக்கெட் நேரம் முடியும்வரை பலகையை மடியில் வைத்துக்கொண்டு சூடான சாக்லேட் குடித்ததைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரியாஸ் பார்த்தான்.

இந்தக் கட்டடத்தின் சறுக்கு வீரன் ஒரு தடவைகூடச் சறுக்கவில்லை. அண்ணனைக் கூட்டிப்போனால் இறங்கியாக வேண்டுமே என்றுதான் கூட்டிப்போகவில்லை.

பலகை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மண்டையோட்டை உரித்துவிட்டேன். லாண்டரி மை அழியவில்லை, 204 அப்படியே இருக்கிறது. நேற்று அதைத் திருப்பி, செல்லையா அண்ணே, நீங்கள் தடவிய மாதிரியே உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் கடுகளவு கறையை எட்ட நின்றே கண்டுபிடிப்பவர் நீங்கள். கீறல் இல்லை அண்ணே, இன்றைக்கும் இல்லை. அது உங்களுக்கு அன்றைக்கே தெரியும்.